பன்னிரண்டு சறுக்கு நாட்கள்

தமிழ் மரபு ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்து, அவற்றுள் இரண்டுக்குப் பனியின் பெயரைச் சூட்டியிருக்கிறது. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. திருவனந்தபுரத்தில் அந்தப் பனி என்பது விடியற்காலையில் புல்நுனியில் தங்கி, வெயில் ஏறியதும் மறைந்துவிடும் ஈரம் மட்டுமே. அதே மாதங்கள்தான் இமயத்தில் பனிச்சறுக்குக்கும் உரிய காலம். சொல் ஒன்றுதான், அது குறிக்கும் இரண்டு பொருள்களுக்கும் இடையே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு கிடக்கிறது. கரமனையில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் ஓராண்டாக அந்தத் தொலைவை ரூபாயில் அளந்துகொண்டிருக்கிறது.

குடும்பத்தில் ஐந்து பேர். தந்தை மத்திய அரசு நிறுவனமொன்றில் தொழில்நுட்பப் பணியாளர். ஓய்வு பெற ஒன்றரை ஆண்டு இருக்கிறது. தாய் சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் கணக்கெழுதுபவர். மகள் காரியவட்டம் வளாகத்தில் பொருளியல் முதுகலை மாணவி. மகன் ஒன்பதாம் வகுப்பு. தந்தையின் தாயான ஆச்சி, நாகர்கோவில் வடசேரியிலிருந்து மகனோடு வந்து சேர்ந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஐவரில் எவரும் பனியைக் கண்ணால் கண்டதில்லை. ‘இமயவரம்பன்’ என்ற பட்டம் பூண்ட சேர மன்னனின் நாட்டில் வாழ்ந்தும், இமயத்தை வரம்பாகக் கொள்வது இருக்கட்டும், ஒருமுறை எட்டிப் பார்க்கவும் வழியில்லாதவர்களே இங்கு மிகப் பலர். அவர்களுள் இவர்களும் அடக்கம்.

பணத்தின் தோற்றுவாய் ஒரு சிட்டி. கேரள அரசின் நிதி நிறுவனத்தில் மாதம் 5,000 ரூபாய் வீதம் 40 மாதங்களுக்குத் தாய் சேர்ந்திருந்தார். இடையில் ஏலத்தில் எடுத்தால் தள்ளுபடி போகும். இறுதிவரை பொறுத்தால் நடத்துநர் பங்கு நீங்கலாக ஏறத்தாழ இரண்டு இலட்சம் கைக்கு வரும். அவர் பொறுத்தார். முதலில் அத்தொகை வீட்டின் மேல்தளத்துக்கு ஓடு போடுவதற்கென்றே கருதப்பட்டது. அது பனிக்கு மாறியது அரசு ஆணையொன்றின் விளைவு.

மத்திய அரசுப் பணியாளர்களுக்கான விடுப்புப் பயணச் சலுகை, நான்கு ஆண்டுகள் கொண்ட தொகுதிகளாகக் கணக்கிடப்படுகிறது. சொந்த ஊருக்குச் செல்வதற்கான பயண உரிமையை, ஜம்மு காஷ்மீர், லடாக், வடகிழக்கு மாநிலங்கள், அந்தமான் ஆகியவற்றுள் ஒன்றுக்குச் செல்லும் உரிமையாக மாற்றிக்கொள்ள ஒரு சிறப்புத் தளர்வு, கால எல்லையுடன் அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வருகிறது. இக்குடும்பத்தின் சொந்த ஊர் நாகர்கோவில். திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அந்தச் சிறு பயணத்தின் உரிமையைக் கொடுத்துவிட்டு காஷ்மீர் வரை செல்லலாம் என்று அறிந்த நாளில்தான் தந்தை முதன்முதலாக ‘குல்மார்க்’ என்ற சொல்லை வீட்டில் உச்சரித்தார். ஓய்வுக்குப் பின் இவ்வாய்ப்பு இல்லை.

சலுகைக்கு நுணுக்கங்கள் உண்டு. விமான உரிமை இல்லாத நிலைப் பணியாளர், தில்லியிலிருந்தோ அமிர்தசரசிலிருந்தோதான் காஷ்மீருக்கு விமானத்தில் செல்ல முடியும். அதுவரை தமக்குரிய ரயில் வகுப்பில்தான் செல்ல வேண்டும். ஆகவே கேரளா எக்ஸ்பிரசில் ஏறக்குறைய 50 மணி நேரம், அதன்பின் ஒன்றரை மணி நேர விமானம். சார்ந்து வாழும் பெற்றோரும் ‘குடும்பம்’ என்ற வரையறைக்குள் வருவதால் ஆச்சிக்கும் பயணச்சீட்டு உண்டு. ஆனால் சலுகை தருவது போக்குவரத்துக் கட்டணம் மட்டுமே. தங்குமிடம், உணவு, உள்ளூர் வாகனம், பலகை வாடகை, பயிற்றுநர் ஊதியம் ஆகிய அனைத்தும் சிட்டிப் பணத்திலிருந்தே.

இடத்தைத் தேர்வதில் சில வாரங்கள் சென்றன. மணாலிக்கு அருகிலுள்ள சோலாங், உத்தரகண்டின் அவுலி, காஷ்மீரின் குல்மார்க் ஆகிய மூன்றும் பரிசீலிக்கப்பட்டன. அவுலியில் கட்வால் மண்டல் விகாஸ் நிகம் 7 நாள், 14 நாள் பயிற்சிகளை நடத்துகிறது. அதன் அடிவாரத்திலுள்ள ஜோஷிமட் ஆதிசங்கரர் மரபோடு தொடர்புடைய ஊர். அப்பாலுள்ள பத்ரிநாத்தின் தலைமை அர்ச்சகரான ராவல் கேரளத்து நம்பூதிரி. ஆச்சிக்கு இதனால் அவுலியே பிடித்திருந்தது. ஆனால் 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்து வீடுகள் பிளந்த காட்சிகளைத் தந்தை மறக்கவில்லை. ரிஷிகேஷிலிருந்து ஒரு முழுப் பகல் நீளும் மலைச்சாலையை முதியவரால் தாங்க முடியுமா என்ற கவலையும் இருந்தது. பயணச் சலுகையின் சிறப்புத் தளர்வு காஷ்மீருக்கே பொருந்தியது. குல்மார்க் வென்றது.

அதற்கு எதிரான வாதம் வலுவானதே. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் உள்ளிட்ட 26 பேர் கொல்லப்பட்டனர். அந்தச் செய்திக்குப்பின் இரண்டு மாதங்கள் வீட்டில் எவரும் குல்மார்க்கைப் பற்றிப் பேசவில்லை. பேச்சை மீண்டும் தொடங்கியவர் ஆச்சி. 2004 டிசம்பரில் சுனாமி வந்த பிறகும் குளச்சலில் மக்கள் கடலுக்குப் போகத்தானே செய்கிறார்கள் என்பது அவர் சொன்ன ஒரே காரணம். அது முழுமையான விடையன்று என்பதை மகள் உணர்ந்திருந்தாள். மீனவர்கள் கடலுக்குப் போவது பிழைப்புக்காக, விடுமுறைக்காக அல்ல. ஆயினும் பனிக்காலச் சுற்றுலாவை நம்பியிருக்கும் குதிரைக்காரர்களும் பயிற்றுநர்களும் விடுதிப் பணியாளர்களும் அந்த மீனவர்களின் நிலையில்தான் இருக்கிறார்கள் என்பதையும் அவள் உணர்ந்தாள். முடிவு எடுக்கப்பட்டது, அச்சம் முற்றாக நீங்கிவிடவில்லை.

அடுத்த சிக்கல் நாட்காட்டி. கேரளப் பள்ளிகளுக்கு ஓணம், கிறிஸ்துமஸ், கோடை என மூன்று விடுமுறைகள். ஓணத்தின்போது குல்மார்க் பசும்புல்வெளி. கிறிஸ்துமஸ் வாரத்தில் அறை வாடகை உச்சம்; பனியோ உறுதியில்லை. காஷ்மீரத்தார் கடுங்குளிரை மூன்றாகப் பிரிக்கின்றனர்: டிசம்பர் 21 முதல் 40 நாள் சில்லை கலான், அடுத்த 20 நாள் சில்லை குர்த், இறுதி 10 நாள் சில்லை பச்சா. பனி படிந்து தளம் உருவாவது முதற்காலத்தில். கிறிஸ்துமஸ் அதன் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஏப்ரலிலோ அபர்வத் மலையின் உயரங்களில் பனி எஞ்சியிருந்தாலும் தாழ்வான சரிவுகளில் உருகத் தொடங்கிவிடும். புதிதாகக் கற்பவருக்கு வேண்டியது அந்தத் தாழ்வான, சாய்வு குறைந்த சரிவுகளே. கற்றவர்களுக்குப் பருவம் நீளமானது, கல்லாதவர்களுக்கோ குறுகியது. ஆகவே பிப்ரவரி முற்பாதி, சில்லை குர்த். மகனுக்குப் பன்னிரண்டு நாள் பள்ளி இழப்பு. மார்ச்சில் ஆண்டுத் தேர்வு. இழந்த பாடங்களை ரயிலின் நூறு மணி நேரத்தில் ஈடுசெய்வதாக அவன் எழுதிக் கையொப்பமிட்ட தாள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் பனி பொய்க்கலாம். 2024 ஜனவரியில் குல்மார்க் பழுப்பு நிறத்தில் கிடந்தது. மாத இறுதியில்தான் பனி வந்தது. 2025 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் பனி போதாமையால் மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. போட்டியைத் தள்ளிவைக்கலாம், இரண்டு மாதம் முன்பே பதிவு செய்த ரயில் இருக்கையைத் தள்ளிவைக்க முடியாது. எனவே பணம் திரும்பக் கிடைக்கும் விதிகளுள்ள அறை, சற்றுக் கூடுதல் வாடகையானாலும் தேர்ந்தெடுக்கப்பட்டது. பலகையும் பயிற்றுநரும் முன்பணமின்றி அங்கு சென்றே ஏற்பாடு செய்யப்படும்.

சிக்கனம் என்பது எல்லாவற்றிலும் மலிவானதைத் தேர்வது அன்று என்பதைத் தாய் தம் தொழிலில் கற்றிருந்தார். 13 கிலோமீட்டர் கீழேயுள்ள தங்மார்கில் தங்கினால் வாடகை குறையும். ஆனால் பனி நாளில் சக்கரங்களில் சங்கிலி பூட்டிய வண்டிக்கு அன்றாடம் பணம் போகும், காலைப் பொழுதும் போகும். பயிற்சிக்கு உகந்தது காலையே. எனவே குல்மார்க்கிலேயே எளிய அறை. கம்பிவட ஊர்தி இரண்டு கட்டங்களில் ஏறுகிறது: முதலாவது கொங்டோரி வரை, இரண்டாவது ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்துக்கு. கற்கத் தொடங்குவோருக்கு இரண்டுமே தேவையில்லை. முதற்கட்டம் ஒருமுறை, ஆச்சிக்காக, இரண்டாவது நீக்கப்பட்டது. குல்மார்க்கே 2,650 மீட்டர் உயரத்தில் இருப்பதால், 1,600 மீட்டருக்குச் சற்றுத் தாழ்ந்த ஸ்ரீநகரில் ஓரிரவு தங்கி உடலைப் பழக்குவது என்றும், ஆச்சியின் இரத்த அழுத்தத்தை மருத்துவரிடம் முன்னரே காட்டுவது என்றும் எழுதப்பட்டது. பிற மாநிலங்களின் முன்கட்டண சிம் அட்டைகள் அங்கு இயங்கா. ஆதலால் ஒரு கைப்பேசி மட்டும் பின்கட்டணத்துக்கு மாற்றப்படும்.

ஆடைக்குத் தனிப் பக்கம். திருவனந்தபுரத்தில் உடலைக் காக்கும் பருத்தி, பனியில் உடலுக்குப் பகை. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு குளிரைக் கூட்டும். உள்ளே ஈரத்தை வெளியேற்றும் உடுப்பு, நடுவே கம்பளி, மேலே நீர்புகா உறை. மேலுறையும் காலணியும் அங்கேயே வாடகைக்கு. உள்ளுடுப்பும் கையுறையும் கண்ணாடியும் மட்டும் விலைக்கு. புதுப்பனி புறஊதாக் கதிர்களை 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும் என்பதால் கண்ணாடியில் மலிவு பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் மகன் வென்றான். 2025 ஜூன் 6 அன்று திறக்கப்பட்ட, ஆற்றுக்கு 359 மீட்டர் மேலே நிற்கும் செனாப் பாலத்தின் வழியே ஸ்ரீநகரிலிருந்து கட்ராவுக்கு ரயில் ஓடுகிறது. பாலத்தைப் பார்க்க அவன் விரும்பினான். தாய் இசைந்த காரணம் வேறு. குளிர்காலத்தில் பனியாலும் மூடுபனியாலும் ஸ்ரீநகர் விமானங்கள் நின்றுபோவதுண்டு. ஒரு விமானம் நின்றால், தில்லியில் ஐந்து பேரின் கேரளா எக்ஸ்பிரஸ் இருக்கைகள் போய்விடும்.

அட்டவணை முடிந்து உணவு மேசையில் வைக்கப்பட்ட இரவில்தான் மகள் ஒரு வரியில் நின்றாள். ‘பலகை, பயிற்றுநர்: 3 பேர், 4 நாள்.’ தந்தை, மகள், மகன். எதிரே குறிப்புப் பத்தியில் ‘பைகளுக்கு ஆள்’ என்று தாய் தம்மைக் குறித்திருந்தார். அப்படி எழுதும்படி எவரும் சொல்லவில்லை. எழுதியதை எவரும் கவனிக்கவும் இல்லை. குடும்பத்தை ஒரே விருப்பமுள்ள ஓர் அலகாகக் கொள்ளும் பொருளியலை அமர்த்தியா சென் கேள்விக்குள்ளாக்கியதைப் பற்றி அந்தப் பருவத்தில்தான் அவள் தேர்வு எழுதியிருந்தாள். அதில் ஒரு சொல்லையும் அவள் மேசையில் பயன்படுத்தவில்லை.

“அம்மா, இதில உன் பேரு எங்க?”

“நான் விழுந்து காலை ஒடிச்சா வீட்டை யாரு பாக்கிறது?”

இதைத் தியாகம் என்று சொல்லிவிட முடியாது. இது ஒரு கணக்கு. தந்தை ஆறு வாரம் படுத்தால் ஊதியத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. துணிக்கடையில் அப்படியொன்றும் இல்லை. அடுப்படியில் அறவே இல்லை. எந்த உடலின் முறிவு அதிகச் செலவை ஏற்படுத்துமோ அந்த உடலை அவர் பாதுகாப்பாக ஓரத்தில் நிறுத்தியிருந்தார். வீட்டில் மிகவும் இன்றியமையாதவர் என்பதனாலேயே அவருக்கு விளையாட்டு இல்லை. அப்பொழுதுதான் தந்தை அந்த வரியை இரண்டாம் முறை படித்தார். தம் பெயர் அங்கே முதலில் இருந்தது என்பது அவருக்கு அதுவரை தோன்றவில்லை.

அச்சத்துக்கு விடை தேடப்பட்டது. தலைக்கவசம், எடைக்கேற்பச் சரிசெய்த பிணைப்பு, முதல் நாள் முழுதும் சமதளம், விழுவதையே முதற்பாடமாகக் கற்பிக்கும் பயிற்றுநர், சாகச விளையாட்டை விலக்காத காப்பீடு. பல காப்பீட்டுத் திட்டங்கள் அதை விலக்குகின்றன என்பதை விதிகளின் சிற்றெழுத்திலிருந்து மகள் கண்டெடுத்தாள். எஞ்சியது பணம். மூன்று பேருக்கு நான்கு நாள் என்றால் பன்னிரண்டு பலகை நாட்கள். நான்கு பேருக்கு மூன்று நாள் என்றாலும் பன்னிரண்டே. ஒரே குழுவுக்கு ஒரே பயிற்றுநர். தொகை மாறாது, ஒவ்வொருவரும் ஒரு நாளை இழக்க வேண்டும்.

மகன் எதிர்த்தான்; அவனுக்கும் நியாயம் இருந்தது. முதல் நாள் நிற்கவும் நடக்கவும் போய்விடும். இரண்டாம் நாள் பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து வேகத்தை அடக்கப் பழகுவதில் கழியும். திரும்பக் கற்பது மூன்றாம் நாள். நான்காம் நாள்தான் உண்மையில் சறுக்குவது. அந்த நான்காம் நாளைத்தான் தாய்க்காக விடச் சொன்னார்கள். தந்தை தம் பங்கு முழுவதையும் விட்டுவிட முன்வந்தார், தாய் மறுத்தார். பேச்சு நீண்டபோது, அதுவரை கண்ணை மூடிச் சாய்ந்திருந்த ஆச்சி வாய் திறந்தார்.

“அவளும் ஒருக்க விழட்டும் மக்கா. பையை நான் பாத்துக்கிடுதேன்.”

பனிச்சறுக்குக் காலணிக்கு அளவு பாதத்தின் நீளம், அதுவும் சென்டிமீட்டரில். மறுநாள் காலை பழைய நாளிதழ்த் தாளைத் தரையில் விரித்து மகன் ஒவ்வொருவர் பாதத்தையும் பென்சிலால் வரைந்தான். தந்தை 26.5. மகள் 24. அவன் 25.5. வேலைக்குப் புறப்படும் அவசரத்தில், சேலைக் கொசுவத்தைச் சற்றே உயர்த்திப் பிடித்துக்கொண்டு தாய் கடைசியாக வந்து நின்றார். அவன் வரைந்து முடித்து, அளவுகோலை வைத்து, நான்காவது எண்ணை அட்டவணையில் எழுதினான்: 23.5.