மாமை நிறம்

வீட்டார் வாய்ச்சொல்லே குழந்தைக்கு முதற்கண்ணாடி. தான் எத்தகையவள் என்பதைச் சிறுமி ஒருத்தி அச்சொல்லில்தான் முதலில் காண்கிறாள்.

காவிரிக் கரையில், ஈரோட்டுக்கு எதிரே அமைந்த ஊர் பள்ளிபாளையம். விசைத்தறிகளின் ஓசை மிகுந்த ஊர் அது. அங்கே தறிக்கூடத்து வாயிலில் விளையாடும் சிறுமியை நோக்கி, "வெயிலில் நில்லாதே, கண்ணு! கறுத்துப் போவாய்" என்று அம்மாயி கூறுவதுண்டு. அச்சொல்லில் அன்பு உண்டு. ஆயினும், தன் நிறம் ஒரு குறை என்னும் எண்ணமே சிறுமியின் நெஞ்சில் தைக்கிறது. பிறர் இகழ்ந்தால் வீட்டிற்கு ஓடி வரலாம். வீட்டுச் சொல்லே வருத்தினால் எங்குச் செல்வது?

சங்கப் புலவர் கருமையைக் குறையாகக் கருதினாரல்லர். மாந்தளிர் போன்ற கருமை சார்ந்த மேனி நிறத்தை அவர்கள் 'மாமை' என்றனர். அந்நிறம் உடையவளை 'மாயோள்' எனப் பாராட்டினர். அவர்கள் அஞ்சியது பசலைக்கே. தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியில் படரும் வெளிறிய நிறமே பசலை. தம் மாமையழகு ஒருவர்க்கும் பயன்படாது பசலைக்கு இரையாகின்றதே என வெள்ளிவீதியார் என்னும் பெண்பாற்புலவர் குறுந்தொகையில் வருந்திப் பாடியுள்ளார். இழந்தால் வருந்தத்தக்க செல்வமாக மாமை போற்றப்பட்டது என்பதற்கு இதுவே சான்று.

கடல் கடந்த அமெரிக்க நாட்டிலும் கறுப்பின மக்கள் நிறத்தின் பொருட்டு நெடுங்காலம் இழிவுபடுத்தப்பட்டனர். அவ்வினத்தில் 1917-ஆம் ஆண்டு பிறந்து, சிக்காகோ நகரில் வளர்ந்தவர் குவெண்டலின் புரூக்ஸ் அம்மையார். அவர்தம் அன்னையார் மகளின் கவித்திறனை இளமையிலேயே உணர்ந்தார். டன்பார் என்னும் கறுப்பினப் பெருங்கவிஞரைப் போல அவளும் விளங்குவாள் எனக் கூறி ஊக்கினார். 13-ஆம் அகவையிலேயே புரூக்ஸின் கவிதை அச்சேறியது. கறுப்பினச் சிறுமி ஒருத்தி வளர்ந்து பெண்ணாகும் வரலாற்றை அவர் 'ஆனி ஆலன்' என்னும் நூலில் பாடினார். அந்நூலுக்கு 1950-ஆம் ஆண்டில் புலிட்சர் பரிசு கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே.

ஊரார் பழித்த நிறத்திற்குப் பெருமை தேடித் தந்தது அவர் பாட்டு. அப்பாட்டிற்கு ஊற்றாய் நின்றது தாயின் சொல். வீட்டார் சொல் பெண்ணைக் கூனிக் குறுகவும் செய்யும். நிமிர்ந்து நிற்கவும் செய்யும்.

மாணவர்களே! மாமை என்பது நம் முன்னோர் விட்டுச்சென்ற சொல். உடன்பிறந்தாளைக் 'கறுப்பி' என்றழைக்க நா எழுமாயின், அச்சொல்லை நினைவு கொள்ளுங்கள். அதன் பொருளை அவளுக்கும் எடுத்துக் கூறுங்கள்.