அவன் ஏறாத ஏணி

தொடக்கப் பள்ளி என்றவுடன் மூத்தவர்களுக்குச் சிலேட்டும் பிரம்பும் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது அட்டை! ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் முறையை ஒட்டிச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-2008-இல் தமிழகம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில் படித்தவன் நான். இன்று அம்முறை வழக்கில் இல்லை. ஆகவே சற்று விளக்கிச் சொல்ல வேண்டும்.

பெஞ்சு கிடையாது; பாயில் வட்டமாக உட்காருவோம். சுவரின் அடியில், எங்கள் கைக்கெட்டும் உயரத்தில், ஆளுக்கொரு கரும்பலகை. தலைக்கு மேலே கம்பி கட்டி, நாங்கள் வரைந்த படங்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஏணி உண்டு. அதாவது, படிப்படியாகச் சின்னங்கள் போட்ட அட்டவணை. எந்தப் படியில் நிற்கிறோமோ, அந்தச் சின்னமுள்ள அட்டையைத் தட்டிலிருந்து நாமே எடுத்து, அது காட்டும் குழுவில் போய் அமர வேண்டும். குழுக்கள் ஆறு. ஒன்றில் ஆசிரியர் முழுதும் உதவுவார். ஒன்றில் உடன் படிப்பவர் உதவுவார். ஒன்றில் தானே கற்க வேண்டும். முடித்தவர் அடைவு அட்டவணையில் குறியிட்டு அடுத்த படிக்கு ஏறலாம். முந்தினவன் பிந்தினவனுக்காகக் காத்திருக்க வேண்டாம். பிந்தினவனை மக்கு என்று சொல்லவும் இடமில்லை. நல்ல ஏற்பாடுதான். இன்றும் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். அறுபது பிள்ளைகள் வரை இருவர் போதும் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. தலைமையாசிரியருக்குப் பாதி நாள் பதிவேடுகளோடும் கூட்டங்களோடும் கழியும். ஆறு குழுக்களுக்கும் மிஞ்சியவர் எங்கள் டீச்சர் ஒருவரே! ஆகவே, கொஞ்சம் படிக்கிற என் போன்றவர்களுக்கு அங்கே மவுசு மிகுதி. 2012-இல் மூன்றாம் வகுப்பில், தமிழ் அட்டைக்கு என் உதவியில் விடப்பட்டவன் அவன்.

பள்ளிக்குள் நுழைந்ததும் வருகையை நாங்களே பதிவோம். அடுத்தது ஆரோக்கியச் சக்கரம். பல், நகம், தலை, உடை என்று ஒருவரை ஒருவர் பார்த்துக் குறிக்க வேண்டும். அவனுக்கு அதில் குறையே விழுந்ததில்லை. அவன் அம்மா விடியுமுன் கரும்பு வெட்டுக்குப் போகிறவர். தூங்குகிற பிள்ளையின் தலையில் எண்ணெய் தடவிவிட்டுத்தான் வீட்டை விட்டு இறங்குவாராம். காலையில் சாப்பிட்டாயா என்று கேட்கும் கட்டம் அந்தச் சக்கரத்தில் இல்லை.

காலை வேளையில் தமிழ் அட்டையை எடுத்தால் அவனுக்குக் கண் சொக்கும். ஒரே வரியை நாலு தடவை சொல்லிக் கொடுத்தாலும் ஐந்தாவது தடவை முதல் எழுத்திலேயே நிற்பான். மதியச் சோறும் முட்டையும் உண்டு எழுந்தால் வேறு ஆள்! கணக்கு அட்டையில் அவன் என்னையே முந்திவிடுவான். 'தமிழ் மட்டும் உன் மண்டையில் ஏறாது' என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அவன் முடிக்காமல் நான் என் அட்டைக்குப் போக முடியாது. ஒரு நாள் பொறுமை இழந்து, அவன் படியில் நானே குறி போட்டேன். மறுநாளும் போட்டேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது. டீச்சருக்கு அட்டவணையைப் பார்க்கத்தான் நேரம் இருந்தது. அவனைப் படிக்கச் சொல்லிக் கேட்க நேரமில்லை.

பள்ளியைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். அட்டவணையில் விரலை ஓட்டி, அவன் பெயரில் நிறுத்தி, "அடடே, இவ்வளவு தூரம் ஏறிவிட்டானா!" என்று அட்டையை அவனிடமே நீட்டினார். அவன் அட்டையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். வாய் திறக்கவில்லை.

"இந்தக் குறியெல்லாம் யார் போட்டது?"

"நான்தான் சார்" என்றான் அவன்.

அதிகாரி எங்கள் எதிரிலேயே டீச்சரைக் கடிந்துகொண்டார். அன்று மதியம் டீச்சர் சாப்பிடாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். மூன்று எட்டில் அவரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. அவன் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு இப்போது அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறான்.

மதியப் பசியை 1956-இலேயே கண்டுகொண்டு பள்ளியில் சோறு போட்ட மாநிலம் நம்முடையது. 1982-இல் அது சத்துணவாயிற்று. காலைப் பசி கண்ணில் பட இன்னும் நாற்பது ஆண்டுகள் சென்றன! 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது.

2024-இல் ஒரு நாள் காலை, கல்லூரிக்குப் பேருந்து பிடிக்கப் போகும் வழியில் அந்தப் பள்ளியை எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பொங்கலும் சாம்பாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேலியோரம் அவன் நின்றுகொண்டிருந்தான். அக்காள் மகளைக் கொண்டுவந்து விட்டவன், அவள் தட்டைக் கழுவும் வரை போவதில்லையாம்.

"அப்பல்லாம் சோத்து மணி அடிக்கிற வரைக்கும் எழுத்து மிதக்கும்டா" என்றான். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதைச் சொல்கிறான், அதுவும் சிரித்துக்கொண்டே!

அட்டைகளின் இடத்தில் இப்போது எண்ணும் எழுத்தும் வந்திருக்கிறது. அதில் ஏணி இல்லை. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். அவன் அந்தக் குழந்தையின் பையைத் திறந்து பயிற்சி நூலை என்னிடம் நீட்டினான்.

"இவ எதுல இருக்கா, பாரு."

பார்த்துச் சொன்னேன். "மொட்டு."

புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"டீச்சர் போட்டதுதானே?"