புதுப் பையனைக் கேப்டன் போடலாமா?



கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள். ரிட்டையர் ஆன வாத்தியாருக்கு வகுப்பு இல்லாத குறையை இந்த முகநூல்தான் தீர்க்கிறது.

பொங்கல் லீவுக்குத் துடியலூர் வந்திருந்த என் மகள் வயிற்றுப் பேரன், வந்ததும் வராததுமாக ஒரு கேள்வி கேட்டான்.

"அப்புச்சி, இந்த வருசம் சென்னை டீம்ல ரெண்டு புதுப் பசங்கள எடுத்திருக்காங்கல்ல, அதுல யாரைக் கேப்டன் போடலாமுங்க?"

தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஐபிஎல் வந்தால் ஆளுக்கு ஒரு பக்கம். மேட்ச் ஆடும் இரண்டு அணிகளிலிருந்து 11 பேரை நாமே பொறுக்கி ஒரு டீம் எழுத வேண்டும். அவர்கள் களத்தில் எடுப்பதற்கு ஏற்ப நமக்குப் புள்ளி. ஒரு ரன்னுக்கு 1, ஒரு விக்கெட்டுக்கு 25, பேட்ஸ்மேன் முட்டை போட்டால் 2 கழிக்க வேண்டும். கேப்டன் என்று நாம் குறிப்பவருக்குப் புள்ளி இரண்டு மடங்கு, வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. ஃபேன்டஸி கிரிக்கெட் என்று ஆப்பில் ஆடினார்களே, அதே ஆட்டம்தான். எங்கள் நோட்டில் காசு கிடையாது. ஜெயித்தவருக்குத் தோற்றவர் தேங்காய் பன் வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான்.

பேரன் கேட்டது பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இருவரைப் பற்றி. 2025 டிசம்பர் 16ஆம் தேதி அபுதாபியில் நடந்த ஏலத்தில் ஆளுக்கு 14.20 கோடி கொடுத்து சென்னை வாங்கியது. அப்போது ஒருவருக்கு 20 வயது, இன்னொருவருக்கு 19. இருவருக்கும் ஆரம்ப விலை 30 லட்சம்தான். "இத்தனை கோடி குடுத்திருக்காங்க, சும்மாவா குடுப்பாங்க?" என்பது பேரனின் வாதம்.

நான் அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். புதுப் பையனை எடை போடும்போது விலையைப் பார்க்காதே, வாய்ப்பைப் பார். அவனுக்கு எத்தனை பந்து கிடைக்கும்? எத்தனாவதாக இறங்குவான்? அவன் வேலையைச் செய்ய டீமில் வேறு ஆள் இருக்கிறாரா?

பிரசாந்த் வீர் இடது கை சுழலும் போடுவார், பேட்டும் செய்வார். ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியதால், சென்னையில் அந்த இடம் காலியானது. கீழே இறங்கினால் பத்துப் பந்துதான் கிடைக்கும் என்றாலும், பந்து வீசினால் ஒரு விக்கெட் 25 ரன்னுக்குச் சமம். அதனால் பதினொன்றில் ஒருவராக எழுதலாம். கார்த்திக் சர்மா விக்கெட் கீப்பர். ஆனால் அங்கே சாம்சனும் இருக்கிறார், தோனியும் இருக்கிறார். கையுறை இவருக்குக் கிடைப்பது கஷ்டம். நடுவில் இறங்கி அடிக்கிற வாய்ப்பு கிடைத்தால் உண்டு. முதல் நான்கைந்து மேட்ச் பார்த்துவிட்டுச் சேர்க்கலாம்.

"சரிங்க அப்புச்சி, கேப்டன்?"

"ரெண்டு பேருமே வேண்டாங் கண்ணு."

2025இல் நடந்தது அவனுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. ஏப்ரல் 28ஆம் தேதி ஜெய்ப்பூரில் வைபவ் சூர்யவன்ஷி 35 பந்தில் நூறு அடித்தான். 14 வயது. அன்றைக்குப் பேரன் நோட்டில் அவன் பெயரே இல்லை. அந்த ஆற்றாமையில் மே 1ஆம் தேதி மும்பைக்கு எதிரான மேட்சுக்கு அவனையே கேப்டன் போட்டான். பையன் இரண்டாவது பந்தில் அவுட். முட்டைக்குக் கழிவு 2, கேப்டன் என்பதால் இரண்டு மடங்கு, ஆகக் கழிவு 4. பேரன் நோட்டை வீசி எறிந்தான். "இந்தப் பொடியன் என்னைய ஏமாத்திட்டான் அப்புச்சி!" என்று ஒரே கத்தல்.

"உன்ர வயசுதான் கண்ணு அவனுக்கு. அவன் உன்கிட்ட எதாச்சும் சத்தியம் பண்ணிக் குடுத்தானா?" என்றேன். பதில் இல்லை.

புதுப் பையன் எப்படி வளர்வான் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. சாய் சுதர்சன். நம் கோவை கிங்ஸுக்கு ஆடிய பையன். 2021 டிஎன்பிஎல்லில் 43 பந்தில் 87 அடித்துக்கொண்டு வந்தான். மழையால் அந்த மேட்ச் பாதியில் நின்றுபோனது. அந்த சீசனில் 8 மேட்சில் 358 ரன். பிறகு குஜராத் அணி அடிப்படை விலையான 20 லட்சத்துக்கு எடுத்தது. 2023 டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை கிங்ஸ் கொடுத்தது 21.6 லட்சம். ஐபிஎல் சம்பளத்தைவிட உள்ளூர்ச் சம்பளம் கூடுதல்!

ஐபிஎல்லில் அவன் எடுத்ததைக் கரும்பலகையில் எழுதுவது போல எழுதுகிறேன், பாருங்கள்.

2022: 5 மேட்ச், 145 ரன்.
2023: 8 மேட்ச், 362 ரன்.
2024: 12 மேட்ச், 527 ரன்.
2025: 15 மேட்ச், 759 ரன், ஆரஞ்சு தொப்பி.

ஒரு மேட்சுக்கு எவ்வளவு என்று வகுத்தால் 29, 45, 44, 51. ஒரே ராத்திரியில் முளைத்தது அல்ல. முதல் வருடம் ஐந்தே மேட்ச், அப்புறம் எட்டு, அப்புறம் பன்னிரண்டு. கொடுக்கக் கொடுக்க வளர்ந்தான். 2023 இறுதி ஆட்டத்தில் நம் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் திட்டிக்கொண்டே கை தட்டினோம்.

அப்படிப்பட்டவனே 2025 ஜூன் 20 அன்று லீட்ஸில் முதல் டெஸ்ட் ஆடியபோது முட்டை. இரண்டாவது இன்னிங்ஸில் 30. அடுத்த டெஸ்டில் உட்கார வைத்தார்கள். மான்செஸ்டரில் திரும்ப வந்து 61. அக்டோபரில் டெல்லியில் 87. முதல் நாள் முட்டையைப் பார்த்து முடிவு கட்டியிருந்தால் அந்த 87 ஏது?

இப்போது ஒரு கசப்பான விஷயம். என் அக்கா மகன் ஒருவன் இதே ஆட்டத்தைக் காசு வைத்து ஆடினான். எந்த ஆப், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் மட்டும் போடவில்லை. "49 ரூவாதானுங்க மாமா" என்று ஆரம்பித்தான். ஒரு மேட்சுக்கு ஒரு டீம் இருபது டீம் ஆனது. இரண்டு சீசனில் 1,80,000 ரூபாய் போய்விட்டது. அதில் அவன் அம்மாவின் மூன்று பவுனும் அடக்கம்.

அவன் என்னிடம் வந்து அழுத அன்று ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 22 பேரில் 11 பேரைத் தேர்ந்தெடுக்க 7,05,432 வழி. அதில் கேப்டன், வைஸ் கேப்டன் குறிக்க ஒவ்வொன்றுக்கும் 110 வழி. பெருக்கினால் 7,75,97,520. ஆப்பில் உள்ள நிபந்தனைகளைக் கழித்தால் கொஞ்சம் குறையும். விஷயம் தெரிந்தவனுக்கு வாய்ப்புக் கொஞ்சம் கூடும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் லட்சக்கணக்கான பேரோடு போட்டி போட்டு முதல் பரிசு வாங்க, இருபது டீம் என்பது நொய்யலில் கரைத்த புளி மாதிரி.

பணத்தைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறு. அவன் போனில், ஒரு புது ஆட்டக்காரப் பையனின் படத்துக்குக் கீழே இவன் எழுதி வைத்திருந்த வசவுகளைப் பார்த்தேன். அந்தப் பையனின் தாயைக்கூட விட்டு வைக்கவில்லை. "அவன்தான் என்ர காசத் தின்னுட்டானுங்க மாமா" என்றான். கிரிக்கெட்டை ரசித்து ஆடிக்கொண்டிருந்த பிள்ளை இவன்.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுபவரை அந்தச் சட்டம் தண்டிக்கவில்லை, அது சரிதான். என் அக்கா மகன் இப்போது மாதாமாதம் கடனைக் கட்டிக்கொண்டு வருகிறான். அம்மாவின் மூன்று பவுனில் ஒன்று திரும்பி வந்துவிட்டது.

அவனுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் படுத்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால், நானும் ஒரு புதுப் பையனைக் கேப்டன் போட்டவன்தான்.

1994. ஐந்தாம் வகுப்பு. ஒரு பையன் கணக்கில் நூற்றுக்கு நூறு, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பிரேயரில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, "இவன் கலெக்டர் ஆவான், பாத்துக்கங்க" என்றேன். அன்றிலிருந்து அவனுக்குப் பள்ளிக்கூடம் முழுக்க "கலெக்டரு" என்றே பெயர். எனக்கும் அதில் ஒரு பெருமை. அவன் கலெக்டர் ஆனால் என் வாக்கு பலித்த மாதிரி அல்லவா?

அவன் பிளஸ் டூவில் எதிர்பார்த்த மார்க் வாங்கவில்லை. அதற்குப் பிறகு என் கண்ணிலேயே படவில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் எதிரில் வந்தால்கூட அந்தப் பக்கம் மாறிப் போய்விடுவான். மறந்துவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

போன நவம்பரில் டியூகாஸ் முன்னால், செடிக்கு உரம் வாங்கிக்கொண்டு நின்றபோது எதிரில் மாட்டிக்கொண்டான். இப்போது எலக்ட்ரீசியன். வீட்டு வயரிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறான், நான்கு பேருக்கு வேலை கொடுக்கிறான். "ஏஞ்சாமி, என்னையப் பாத்தா ஓடறே?" என்று கேட்டே விட்டேன்.

கொஞ்ச நேரம் கீழே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்: "சார், பத்தாவதுல நானூறு வாங்குனனுங்க. எங்கப்பன், அம்மா எல்லாரும் சந்தோசப்பட்டாங்க. எனக்கு மட்டும் தோத்த மாதிரி இருந்துச்சுங்க சார். உங்களப் பாத்தா நீங்க சொன்னது ஞாபகம் வந்துருமுங்க. அதான்."

முப்பத்தாறு வருடம் சாக்பீஸ் பிடித்த கைக்கு அன்றைக்கு உரப் பையைப் பிடிக்க முடியவில்லை. அவன்தான் வாங்கி என் வண்டியில் வைத்தான். "மன்னிச்சுக்க கண்ணு" என்றேன். "ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார்" என்று பதறினான். மகள் ஆறாவது படிக்கிறாளாம். "நல்லாப் படிக்கறாளா?" என்று கேட்டேன். "படிக்கறாளுங்க சார். அவள அவ பேரு சொல்லித்தானுங்க கூப்படறேன்" என்றான்.

கேப்டன் போட்டால் புள்ளி இரண்டு மடங்கு என்று நமக்குத் தெரிகிறது. கழிவும் இரண்டு மடங்கு என்பதை அந்தப் பிள்ளைதான் சுமக்கிறது.

இந்தப் பதிவைப் போடுவதற்கு முன் அவனுக்குப் படித்துக் காட்டினேன். "போடுங்க சார்" என்று சொல்லிவிட்டான். அவனும் இங்கேதான் இருக்கிறான், பெயர் கேட்காதீர்கள்.

பேரனிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "புதுப் பசங்கள டீம்ல சேரு, கண்ணு. தைரியமாச் சேரு. நாலு மேட்ச் ஆட விடு. தப்பு பண்ணுனா திட்டாத. கேப்டன் பாரத்த ஏற்கெனவே தூக்கிப் பழகுனவங்க தூக்கட்டும்." அவன் நோட்டில் சுதர்சனைக் கேப்டனாக எழுதிவிட்டு, பிரசாந்த் வீரைப் பென்சிலால் எழுதியிருக்கிறான். பேனாவால் எழுத இன்னும் நாள் இருக்கிறது என்றான். என் பேரன்தான்!

மாணவச் செல்வங்களே, உங்களில் வேறு யாருக்காவது நான் அப்படி ஏதாவது பட்டம் கொடுத்து, அது பாரமாக இருந்திருந்தால், இந்தக் கிழவனை மன்னித்துவிடுங்கள். எதிரில் வந்தால் ரோட்டைத் தாண்டிப் போகாதீர்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன். சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
துடியலூர்.