நிலவுக்கு ஒரு கட்டம்

அந்துப்பூச்சிகளைக் கணக்கெடுக்கப் போகிறவர்களின் நோட்டில் நிலவுக்கென்று தனியாக ஒரு கட்டம் இருக்கும். தேதி, இடம், விளக்கு ஏற்றிய நேரம், வெப்பநிலை, மழை, மேகம், அதற்குப் பக்கத்தில் பிறை. புதிதாக வருகிறவர்கள் பஞ்சாங்கம் பார்த்துத்தான் பூச்சி பிடிப்பீர்களா என்று கேலி செய்வார்கள். கிட்டத்தட்ட அப்படித்தான். அமாவாசையை ஒட்டிய நாட்களாகப் பார்த்துத்தான் வெள்ளைத் துணியைக் கட்டி விளக்கைத் தொங்கவிடுகிறோம். பௌர்ணமியில் போனால் துணி வெறிச்சோடிக் கிடக்கும். எல்லாருக்கும் தெரிந்த சங்கதி என்பதாலேயே, இதை முதலில் எழுதி வைத்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

தடங்களெல்லாம் முதலில் ஓர் இடத்துக்குத்தான் கொண்டுபோய் விட்டன. லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டனில் உள்ள ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையம். அங்கே பார்ன்ஃபீல்டு என்ற வயலோரத்தில் 1933இல் சி. பி. வில்லியம்ஸ் ஒரு விளக்குப்பொறியை நிறுத்தினார். எகிப்தில் வேளாண் பணியில் இருந்த காலத்திலேயே அவர் இந்த வகைப் பொறியை வடிவமைத்திருந்தார். மின்விளக்கு, அதைச் சுற்றிக் கண்ணாடித் தகடுகள், அடியில் சேகரிக்கும் புட்டி. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அவர் சேர்த்த புதுமை ஒரு கடிகாரம். இரவை எட்டுச் சம பங்குகளாக்கி, ஒவ்வொரு பங்குக்கும் புட்டி தானாக மாறும்படி செய்தார். எந்தப் பூச்சி முன்னிரவில் வருகிறது, எது விடியலுக்கு முன் வருகிறது என்பது காலையில் புட்டிகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். யாரும் இரவு முழுக்க விழித்திருக்க வேண்டியதில்லை.

1936இல் அவர் நிலவொளியைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். நாக்டுயிடே குடும்பத்து அந்துப்பூச்சிகள் பௌர்ணமியை ஒட்டிப் பொறியில் மிகவும் குறைகின்றன என்று எண்களோடு காட்டினார். என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் சும்மா எழுந்த சந்தேகத்துக்காக யாரும் பல ஆண்டு இரவுகளை எண்ணுவதில்லை. கவனித்துச் சொன்னவர்கள் அவருக்கு முன்பே இருந்திருக்க வேண்டும்.

இருந்தார். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினைப் போலவே தானாகக் கண்டடைந்த அதே வாலஸ்தான். 1855 டிசம்பரில் அவர் போர்னியோவின் சரவாக்கில், பெனிஞ்சாவ் என்ற குன்றில் தங்கியிருந்தார். ஏறக்குறைய ஆயிரம் அடி உயரத்தில் சரவாக்கின் ராஜா ஜேம்ஸ் புரூக்குக்கு ஒரு சிறு வீடு இருந்தது. பலகை வேய்ந்த கூரையும் வெள்ளையடித்த சுவரும் கொண்ட திண்ணை, அதற்கு எதிரே காடு. சுவரருகே மேசையில் விளக்கை வைத்துவிட்டு, ஊசிகளும் பெட்டியும் வலையும் பக்கத்தில் தயாராக இருக்க, புத்தகம் வாசித்தபடி காத்திருந்தார். அந்துப்பூச்சிகள் சுவரில் வந்து அமர்ந்தன. இன்று நாங்கள் கட்டும் வெள்ளைத் துணிக்கும் அந்தச் சுவருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

1869இல் வெளியான அவருடைய மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய நூலில் இந்த இரவுகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது. தேதி, பூச்சிகளின் எண்ணிக்கை, குறிப்பு. முதல் இரவு நட்சத்திரங்கள் தெரியும் தெளிந்த வானம். வந்தது ஒரே ஒரு பூச்சி. நல்ல இரவுகளில் 100 முதல் 250 வரை. குறிப்புக் கட்டத்தில் தூறல், மூடுபனி, அடைமழை, நிலவு என்று வரிசையாக எழுதியிருக்கிறார். எங்கள் நோட்டில் உள்ள அதே கட்டங்கள்! 26 இரவுகளில் மொத்தம் 1,386 அந்துப்பூச்சிகள். அவற்றில் 800க்கும் மேல் மழை கொட்டிய நான்கு இருண்ட இரவுகளில் வந்தவை.

இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சராசரி போட்டால் இரவுக்கு 53. ஆனால் அந்த நான்கு இரவுகளை ஒதுக்கிவிட்டால், மீதி 22 இரவுகளுக்கு 27கூடத் தேறாது. அந்த 53 எந்த இரவின் நிலையையும் சொல்லவில்லை. ஏழெட்டுக் குடிசைகளுக்கு நடுவே ஒரு மாளிகை இருக்கும் தெருவில் வீட்டின் சராசரி விலையைச் சொல்வது மாதிரி. பிற்பாடு வில்லியம்ஸ் இதே சிக்கலில் மாட்டித்தான் பூச்சிக் கணக்குக்கு மடக்கையைப் பயன்படுத்தினார்; 1937இல் அதற்கென்றே ஒரு கட்டுரையும் எழுதினார். பூச்சிகள் வெள்ளமாய் வந்து விழும் ஒரே ஓர் இரவு மாதக் கணக்கையே புரட்டிப்போடாமல் இருக்க அது உதவுகிறது.

வாலஸின் இன்னொரு குறிப்பும் எனக்கு முக்கியம். அதன் பிறகு எந்தத் தீவிலும் பெனிஞ்சாவ் போல வாய்க்கவில்லை. மற்ற வீடுகளுக்கு ஓலைக் கூரை. வந்த பூச்சிகள் ஓலைக்குள் புகுந்து மறைந்துவிட்டன. அதனால் பின்னால் வருகிறவர்கள் திண்ணை வடிவத்தில் வெள்ளைக் கித்தான் கூடாரம் ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று யோசனை சொல்லியிருக்கிறார்.

வாலஸுக்கும் முன்னால் போனால் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் நோக்கமே வேறு. 1837இல் பிரான்சின் மாக்கோன் பகுதித் திராட்சைத் தோட்டங்களில் விக்டர் ஒதுவான் 200 விளக்குகளை வைத்துப் பூச்சி பிடித்தார். விளக்குக்குச் சராசரியாக 150 என்று ஒரே இரவில் 30,000 செத்தன. இன்னும் பின்னே, கி.பி. முதல் நூற்றாண்டில், உரோமானிய வேளாண் எழுத்தாளர் கொலுமெல்லா தேனீ வளர்ப்போருக்கு ஒரு வழி சொல்கிறார். கழுத்து குறுகிய உயரமான வெண்கலப் பாத்திரத்தின் அடியில் விளக்கை ஏற்றிக் கூடுகளுக்கிடையே மாலையில் வைக்கச் சொல்கிறார். உள்ளே போன அந்துப்பூச்சி குறுகிய கழுத்தின் வழியே தப்ப முடியாது. நம் நெல் வயல்களில் தண்டுத் துளைப்பானுக்கு வைக்கும் விளக்குப்பொறியும் இந்த வம்சம்தான். கொல்ல வைத்த விளக்குக்குப் பிறைக் கணக்கு தேவையில்லை. எத்தனை செத்தாலும் லாபம். ஒரு இரவை இன்னொரு இரவோடு ஒப்பிட விரும்புகிறவனுக்குத்தான் நிலவு தொல்லையாகிறது. ஒதுவான் எண்ணினார், ஆனால் இரவுகளை ஒப்பிட அல்ல. நிலவுக் கட்டத்தின் தொடக்கம் என்று நான் பெனிஞ்சாவைச் சொல்வது இதனால்தான்.

ஒப்பிடுவதால் என்ன கிடைக்கும் என்பதற்கு ரோதம்ஸ்டெட்டே சாட்சி. வில்லியம்ஸின் பொறியில் நான்கு ஆண்டுகளில் 240 இனங்களைச் சேர்ந்த 15,609 பெரிய அந்துப்பூச்சிகள் விழுந்தன. அவற்றில் 35 இனங்கள் ஒரே ஒரு முறை மட்டும் தலைகாட்டியவை. இந்த எண்களையும் ஸ்டீவன் கார்பெட்டின் மலாயா வண்ணத்துப்பூச்சிக் கணக்கையும் வைத்துத்தான், புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் அவர்களோடு சேர்ந்து 1943இல் ஒரு கட்டுரை எழுதினார். பல்லுயிர் வளத்தை அளக்க இன்றும் பயன்படும் ஃபிஷரின் ஆல்ஃபா அதிலிருந்து வந்ததுதான். போருக்குப் பின் பொறி மீண்டும் சில ஆண்டுகள் எரிந்தது. 1960இல் எல். ஆர். டெய்லர் அதை அதே இடத்தில் திரும்ப ஏற்றினார். 1968 முதல் பிரிட்டன் முழுவதும் தன்னார்வலர்களின் தோட்டங்களில் அதே வகைப் பொறிகள் எரிகின்றன. 35 ஆண்டுக் கணக்கை ஆராய்ந்து 2006இல் வெளியான கட்டுரை, பரவலாகக் காணப்பட்ட 337 இனங்களில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவருவதாகச் சொன்னது. இதற்கிடையே 1950இல் ராபின்சன் சகோதரர்கள் பாதரச ஆவி விளக்கு வைத்த பொறியைக் கொண்டுவந்தார்கள். அதில் பல மடங்கு பூச்சி விழும். இருந்தும் ரோதம்ஸ்டெட்காரர்கள் பழைய டங்ஸ்டன் விளக்கையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது பிடிவாதம் போலத் தெரியலாம். விளக்கை மாற்றியிருந்தால் அந்த 35 ஆண்டு ஒப்பீடு அத்தோடு போயிருக்கும்.

மீண்டும் நிலவுக்கு வருவோம். வில்லியம்ஸின் 1936 கட்டுரைத் தலைப்பு பூச்சிகளின் நடமாட்டத்தில் நிலவொளியின் தாக்கம் என்று பேசுகிறது. பௌர்ணமியில் பூச்சிகள் பறக்காமல் இருந்துவிடுகின்றனவா, அல்லது பறந்தும் பொறிக்கு வராமல் போகின்றனவா? அவரே 1951இல் பி. பி. சிங்குடன் சேர்ந்து இதைச் சோதித்தார். விளக்கே இல்லாத, காற்றோடு பூச்சிகளை இழுத்துக்கொள்ளும் உறிஞ்சுபொறியை வைத்துப் பார்த்தார்கள். அதில் பௌர்ணமி வீழ்ச்சி தெரியவில்லை. தன் பழைய கட்டுரையின் அடிப்படையையே ஒருவர் இப்படித் தட்டிப் பார்ப்பதை நான் அதிகம் கண்டதில்லை. வானமே வெளிச்சமாக இருக்கையில் விளக்கின் எட்டுதூரம் சுருங்கிவிடுகிறது என்ற விளக்கத்தைப் பிறகு வந்தவர்கள் விரித்தெழுதினார்கள்.

2024இல் சாமுவேல் ஃபேபியன், யாஷ் சோந்தி முதலியோர் அதிவேகக் கேமராவில் எடுத்த காட்சிகள் இன்னொரு பக்கத்தைக் காட்டின. பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சமான பக்கத்துக்குத் திருப்பிக்கொள்கிறது. இயற்கையில் வெளிச்சமான பக்கம் என்றால் வானம், அதாவது மேலே. பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தால் அதற்கு முதுகைக் காட்டிக் காட்டியே சுற்றுகிறது. விளக்குக்கு மேலே போனால் தலைகீழாகப் புரண்டு விழுகிறது. ஆசைப்பட்டு வருவதில்லை, மாட்டிக்கொள்கிறது.

இதையெல்லாம் படித்த பிறகு எங்கள் நோட்டில் இன்னொரு கட்டம் வேண்டும் என்று கேட்டேன்: தெருவிளக்கு. எட்டுதூரத்தைச் சுருக்குவது சுற்றிலும் உள்ள வெளிச்சம் என்றால், மலையடிவார ஊர்களில் புதிதாக வந்திருக்கும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகளும் அதே வேலையைத்தானே செய்யும்? பூச்சி குறைந்தது என்று நாளைக்கு எழுதப்போகும்போது, குறைந்தது பூச்சியா எங்கள் விளக்கின் எட்டுதூரமா என்று எப்படிப் பிரிப்பது? குழுவில் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் நோட்டில் ஏற்கெனவே இடமில்லை என்கிறார்கள். வேண்டுமானால் குறிப்புக் கட்டத்தில் எழுதிக்கொள் என்கிறார்கள். இப்போதைக்கு அதில்தான் எழுதிவருகிறேன்.