பரணில் இருந்த காலணி

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பத்தாம் வகுப்பில் தேறியபோது அப்பா பாண்டி பஜாரில் ஒரு ஜோடி ஸ்போர்ட்ஸ் ஷூ வாங்கித் தந்தார். வளர்கிற கால் என்று ஓர் அளவு பெரிதாகவே வாங்கினார். அவர் காலிலோ தேய்ந்த ரப்பர் செருப்பு! எனக்கு அணிய மனம் வரவில்லை. நல்ல நாளுக்கு ஆகட்டும் என்று பெட்டியோடு பரணில் வைத்தேன்.

நான்கு ஆண்டுகள் கழித்து, கல்லூரி விளையாட்டு விழா அணிவகுப்பில் அணிந்தேன். மைதானத்தைப் பாதி சுற்றுவதற்குள் அடிப்பாகம் புட்டு போல உதிர்ந்தது. நண்பர்கள் சிரித்தனர், எனக்கு அப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

காரணம் நம் வேதியியலில்தான் இருக்கிறது. பாலியூரித்தேன் அடிப்பாகத்தைக் காற்றின் ஈரம் நீராற்பகுப்பால் சிதைக்கும். கடலோரச் சென்னையில் ஈரத்துக்கா பஞ்சம்?

அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "போட்டுத் தேஞ்சிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன்டா" என்றார்.

டியூஷன் பணத்தில் புதிதாக வாங்கினேன். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் சென்று, காலுறையோடு நின்று பார்த்து, விரல்களுக்கு முன் கட்டைவிரல் அகலம் இடம்விட்டுத் தேர்ந்தேன். அடிப்பாகம், ஈரத்துக்கு எளிதில் மசியாத ஈ.வி.ஏ. நுரை. வாரம் ஒருநாளாவது அதை அணிந்து மயிலாப்பூர் தெப்பக்குளத்தைச் சுற்றி வருகிறேன்.

தேயட்டும்! நண்பர்களே, காலணியும் கல்வியும் பெட்டியில் வைப்பதற்கல்ல.