பத்து நாள் தேனிலவு

எங்கள் ஊர் வாலாஜாபாத் என்று சொன்னால், கேட்பவர்களில் பெரும்பாலோர், "ராணிப்பேட்டைக்குப் பக்கத்து வாலாஜாவா?" என்பார்கள். அது வாலாஜாபேட்டை. இரண்டு ஊர்களுமே ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைச் சுமப்பவை. இரண்டுமே பாலாற்றை ஒட்டியவை. ஆகவே குழப்பத்துக்கு நாங்கள் யாரையும் குறை சொல்வதில்லை. எங்களுடையது செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில் பாதையில், காஞ்சிபுரத்துக்குச் சற்று முன்னால் வருவது. திருமணம் முடிந்து நாங்கள் சென்றுவந்த பயணத்தைப் பற்றி நண்பர்கள் எழுதச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். போன இடங்களின் சிறப்பை வழிகாட்டி நூல்கள் எங்களைவிட நன்றாகவே சொல்லும். நாங்கள் எழுத நினைப்பது வேறு.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருளத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது. அவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்பவை, டயர் செய்பவை, லாரி செய்பவை என்று வரிசையாக வந்தன. ஏரிப் பாசனத்தையும் நெசவையும் நம்பியிருந்த எங்கள் ஊர், ஆலைப் பேருந்துகளுக்காகக் காத்து நிற்கும் ஊராயிற்று. எங்களில் ஒருவருக்கு வாகன உதிரிபாகம் செய்யும் ஆலையில் வேலை. மற்றவருக்கு மின்னணுப் பாகங்கள் பொருத்தும் ஆலையில். இரண்டு இடத்திலும் மூன்று ஷிப்டு: காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து. வாரத்துக்கு வாரம் மாறும். எங்கள் போதாத காலம், இரண்டு சுழற்சியும் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது. ஒருவர் இரவு வேலை முடித்து இறங்கும் நேரத்தில்தான் மற்றவர் காலை வேலைக்கு ஏறுவார். நாங்கள் காதலித்த மூன்று ஆண்டுகளில் பாதி, ஒரகடம் கூட்டுச்சாலையின் தேநீர்க் கடையில், பேருந்து வருவதற்கு முந்தைய பத்து நிமிடங்களில் கழிந்தது.

பெண் வீடு அய்யம்பேட்டையில். அப்பா பட்டு நெசவாளர். வீட்டின் நடுக்கூடத்தில் இன்றும் குழித்தறி இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் சரிகையைப் பற்றித்தான் பேசுவார்கள். நெசவாளர் வீட்டில் பெருமையாகச் சொல்வது கோர்வையைத்தான். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒருவரால் தனியே நெய்ய முடியாது. பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்க இன்னொருவர் தேவை. அந்த வீட்டில் முப்பது ஆண்டுகளாக அந்த இன்னொருவர் அம்மாதான். கூறைப் புடவையையும் அவர்கள் இருவரும்தான் நெய்தார்கள்.

திருமணத்தைத் திருமுக்கூடலில், அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் எளிமையாக நடத்திவிடுவது, மண்டபத்துக்கும் பந்திக்கும் ஆகும் பணத்தில் வெளிநாடு போய்வருவது என்று நாங்கள் முடிவு செய்தபோது பெரிய சண்டை வந்தது. பெண்ணின் அம்மா மூன்று நாட்கள் பேசவில்லை. நான்காம் நாள் பேசியது இது: "ஊருக்குச் சோறு போடாத கல்யாணம் இன்னா கல்யாணம்? நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கினு நான் தெருவுல போவேன்?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் இத்தனை காலம் மற்றவர் வீட்டுப் பந்தியில் உண்டதெல்லாம் திருப்பித் தர வேண்டிய கடன். அதை அடைக்கும் வாய்ப்பை நாங்கள் பறித்துவிட்டோம். அப்பா மட்டும் தறியிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்: "போய்ட்டு வரட்டும் உடு. நாம ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்துனே காலத்த ஓட்டிட்டோம். இதுங்களுக்கு அதுகூட இல்ல."

அதை அப்போது ஒரு சமாதானப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

2024 பிப்ரவரித் தொடக்கத்தில், தை மாதத்திலேயே, திருமணம் நடந்தது. மாட்டுப் பொங்கல் பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் பழையசீவரம் வந்து, ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு எழுந்தருளிச் சென்று சில வாரங்கள் ஆகியிருந்தன. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் அது. கூடுவதற்கு நீர் இருக்கும் காலங்களில் பார்க்க அழகானது. கோயில் சுவரில் வீரராசேந்திர சோழனின் புகழ்பெற்ற கல்வெட்டு உள்ளது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்று பதினோராம் நூற்றாண்டில் அங்கே நடந்ததையும், அதன் மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைக் கவனித்த பெண்கள் ஆகியோருக்குரிய ஊதியத்தையும் அது சொல்கிறது. ஊதியப் பட்டியல் எழுதப்பட்ட சுவரருகே மாலை மாற்றிக்கொண்டது, மாதச் சம்பளக்காரர்களாகிய எங்களுக்குப் பொருத்தமாகவே பட்டது.

நான்கு நாள் கழித்துச் சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம் ஏறினோம். 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு மலேசியா விசாவை விலக்கியிருந்தது. எங்கள் தேர்வுக்கு முதற்காரணம் அதுதான். பத்துமலையின் 272 படிகளையும் ஏறினோம். 452 மீட்டர் இரட்டைக் கோபுரங்களைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். ஆனால் கோலாலம்பூரில் எங்களுக்கு நினைவில் நிற்பது வேறொன்று. முதல் இரவு, மூன்று மணிக்கு எங்களில் ஒருவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இரவு ஷிப்டில் பழகிய உடம்பு. அதற்கு அது நடுப்பகல். அவர் ஒருவழியாகத் தூங்கியபோது மற்றவர் எழுந்துகொண்டார்; அவருக்குக் காலைப் பேருந்தைப் பிடிக்கும் பழக்கம். ஊருக்கும் அங்கும் இரண்டரை மணி நேர வேறுபாடு வேறு சேர்ந்துகொண்டது. ஒரே அறையில், ஒரே கட்டிலில், ஒருவர் தூங்குவதை மற்றவர் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் இரவும் அப்படித்தான். மூன்றாம் நாள் அற்பக் காரணத்துக்காகச் சண்டை போட்டு, ஆளுக்கொரு பக்கமாய்த் திரும்பிக்கொண்டோம். இவ்வளவு செலவு செய்து வந்தது இதற்குத்தானா என்று தோன்றியது. அதை இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான்காம் நாள் பினாங்குக்குப் பேருந்தில் போனோம். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைப் படித்தவர்களுக்கு அந்த ஊர் ஏற்கெனவே பாதி தெரிந்த ஊர். 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஜார்ஜ் டவுனின் பழந்தெருக்களில், நாவலின் மனிதர்கள் எந்த மூலையில் நின்று பேசியிருப்பார்கள் என்று ஊகித்தபடி நடந்தோம். கடற்கரைக்குப் போனால், குறுகிய கடலுக்கு அப்பால் மலாய்த் தீபகற்பம் தெரிகிறது. அதன் வடக்கே கெடா, நம் கல்வெட்டுகளின் கடாரம். அதை வென்று அதன் அரசனுக்கே திருப்பித் தந்ததாக வீரராசேந்திரனின் மெய்க்கீர்த்தி பெருமை பேசும். ஆற்றங்கரைக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, அதே அரசன் உரிமை கொண்டாடிய கடலோரத்தில் வந்து நிற்கிறோமே என்று சிரித்துக்கொண்டோம். சண்டைக்குப் பின் முதல் சிரிப்பு அது.

சீனப் புத்தாண்டு பிப்ரவரி 10 என்பதைக் கவனிக்காமல்தான் பயணத்தை வகுத்திருந்தோம். முந்தைய மாலை பல கடைகள் சீக்கிரமே அடைக்கப்பட்டன. அன்றிரவு குடும்பத்தார் எங்கிருந்தாலும் வந்துசேர்ந்து ஒன்றாக உண்பது அவர்கள் வழக்கம். திறந்திருந்த கதவுகளின் வழியே வட்ட மேசைகளைச் சுற்றிப் பாட்டி முதல் பேரன்வரை அமர்ந்திருப்பதைப் பார்த்தபடி, சாப்பாட்டுக் கடை தேடி அலைந்தோம். கடைசியில் ஒரு மாமாக் கடையில் ரொட்டி சானாய் கிடைத்தது. அறைக்குத் திரும்பிப் படுத்தோம். விடிந்து விழித்தபோது இருவர் கண்ணும் ஒன்றாகத் திறந்திருந்தன. "நீ எப்ப எழுந்த?" "இப்பத்தான். நீங்க?" "இப்பத்தான்." அவ்வளவுதான் பேச்சு. அப்பா தறியிலிருந்து சொன்னது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

சிங்கப்பூரில் எல்லோரும் பார்ப்பவற்றை நாங்களும் பார்த்தோம். ரயில் நிலையத்தில் தமிழ் அறிவிப்பைக் கேட்டபோது எல்லாத் தமிழரையும்போல நிமிர்ந்து நின்றோம். ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில், வீரமாகாளியம்மன் கோயிலருகே, புத்தாண்டு விடுமுறையில் வந்திருந்த தொழிலாளர் கூட்டத்துக்குள் சிக்கினோம். படம் எடுத்துத் தருமாறு ஒருவரிடம் கைப்பேசியை நீட்டினோம். "எந்த ஊருண்ணா?" என்றார். வாலாஜாபாத் என்றதும், முதன்முறையாக ஒருவர் ராணிப்பேட்டையைக் கேட்கவில்லை. "நமக்கு உத்திரமேரூர் பக்கம்ணா. வாலாஜாபாத் வந்துதான் பஸ் மாறுவேன்" என்றார்.

கட்டட வேலை. வந்து பதினோரு மாதம். "புதுசா கல்யாணம் ஆனவங்களா? எத்தினி நாள் இருப்பீங்க?" என்று கேட்டார். பத்து நாள் பயணம் என்றோம். "எனக்குக் கல்யாணம் ஆகி முப்பதாம் நாள் இங்க வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, எங்கள் முகம் மாறுவதைக் கண்டு அவரே சிரித்தார். "முப்பது நாள் கிடைச்சுதே." சங்கப் புலவர்கள் பொருள்வயிற் பிரிவு என்று ஒரு துறையே வகுத்துவைத்தார்கள். அதை நாங்கள் ரசித்துப் பேசியிருக்கிறோம், கட்டுரைகூட எழுதியிருக்கிறோம். அவர் எதிரில் அந்தச் சொல்லை நினைக்கவே கூச்சமாக இருந்தது. அவரையும் நடுவில் நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டோம். அவர் ஓடிப்போய் இரண்டு கோடாலித் தைலப் புட்டிகள் வாங்கிவந்தார். "ஊட்டுல குடுத்துருங்கண்ணா. அவசரம் ஒண்ணுமில்ல."

ஊர் திரும்பியதும் மறுபடியும் அதே சுழற்சி. இருவருக்கும் பொதுவாக ஒரு ஞாயிறு வாய்க்க மூன்று வாரம் ஆயிற்று. வண்டியில் பழையசீவரம் வழியாகப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, திருமுக்கூடல் கோபுரத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அந்தச் சிற்றூருக்குப் போனோம். அவர் மனைவிக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். தைலத்தை வாங்கி மாமியாரிடம் கொடுத்துவிட்டு, "அவர நேர்ல பாத்தீங்களா அக்கா?" என்று கேட்டாள். தினமும் காணொலியில் பேசிக்கொள்கிறார்களே என்று எங்களுக்கு வியப்பு. படத்தைக் காட்டினோம். கைப்பேசியை வாங்கி, இரண்டு விரலால் எங்களை இருபுறமும் ஒதுக்கிவிட்டு, அவரை மட்டும் பெரிதாக்கினாள். முகத்தில் நிற்கவில்லை, தோளிலிருந்து மெல்லக் கீழே நகர்த்தி, கால்வரை பார்த்தாள்.

"வீடியோவுல மூஞ்சி மட்டுந்தான் தெரியுது" என்றாள். "நின்னா எப்படி இருக்காருன்னு பாக்கணும்னு இருந்துச்சி."

அன்று மாலை அய்யம்பேட்டைக்குப் போனோம். தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் அம்மா எழப் பார்த்தார். கரை பாதியில் நின்றுவிடும், நீங்கள் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய் நாங்கள் இருவரும் தேநீர் போட்டோம். அடுத்த பொது விடுமுறை பதினெட்டு நாள் கழித்து. அந்தத் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறோம். அன்று ஊரில் ஐம்பது பேருக்காவது சோறு போடுவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று.