ஈயக் குண்டும் இரும்பு வளையமும்

பெல்மதுளைக்கு மேலே, தேயிலையும் ரப்பரும் மாறி மாறி ஏறிச் செல்லும் மலைச்சரிவொன்றில், என் பாலியத்தில் எங்கள் லயத்துக் கோடிக் காம்பராவில் குடியிருந்த காவக்காரத் தாத்தாவை நினைக்குந்தோறும், அவருடைய துவக்கைக் காட்டிலும் அவர் மடியில் முடிந்து வைத்திருந்த சிறிய இரும்பு வளையமே முதலில் என் ஞாபகத்துக்கு வருகிறது.

மரவள்ளிப் பாத்திகளைக் காட்டுப்பன்றி கிண்டாமல் காப்பதற்கென லைசென்ஸ் பெற்ற, வாய்வழியே மருந்தும் குண்டும் இடித்து நிரப்பும் பழைய துவக்கு அது. ஞாயிறு பிற்பகலில், அச்சில் வார்த்தெடுத்த ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக வளையத்தில் இட்டுப் பார்ப்பார். தாராளமாக விழுந்ததையும் நுழைய மறுத்ததையும் ஒதுக்கிவிட்டு, தொட்டும் தொடாமலும் வழுக்கி இறங்கியவற்றை மட்டுமே பையில் சேர்ப்பார். பாதிக்கு மேல் கழிகிறதே என்று நான் அங்கலாய்த்தபோது, “குண்டு ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரலேன்னா, துவக்கைக் கொற சொல்லி என்ன தம்பி ஆகப்போவுது?” என்றார்.

அவ்வாக்கியத்தின் சூக்ஷ்மம் எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கிற்று. ‘பிரௌன் பெஸ்’ என்று பிரசித்தி பெற்ற பிரிட்டிஷ் துவக்கின் குழாய் ஏறக்குறைய 0.75 அங்குல உள்விட்டமுடையது. அதற்கிட்ட குண்டோ 0.69 அங்குலமே. கரி படிந்த குழாயிலும் விரைவாக நிரப்ப வேண்டுமென்பதற்காக விட்ட அந்த இடைவெளியில் வாயு வீணே கசிந்தது. குண்டும் சுவருக்குச் சுவர் மோதி, கடைசி மோதல் காட்டிய திக்கிலே வெளியேறிற்று. சுவரில் உரசிப் பெறும் சுழற்சியே குண்டைப் பாதை விலகச் செய்கிறதென்று ஆங்கிலக் கணிதவியலாளர் பெஞ்சமின் ராபின்ஸ் 1742-இல் எழுதினார். 1849-இல் பிரெஞ்சுப் படை அதிகாரி மினியே அமைத்த குண்டு, குழாயைவிடச் சிறியதாக எளிதில் இறங்கி, வெடித்த கணத்தில் அடிப்பாகம் விரிந்து குழாயைக் கவ்விக்கொண்டது.

நம் இலங்கைத் தீவின் கொல்லர் செய்த துவக்குக் குழாய்கள் வெள்ளிபோல் ஒளிர்வதாக 1596-இல் வெளியான தம் நூலில் டச்சுப் பயணி லின்ஸ்கோட்டன் வியந்திருக்கிறார். ஆயினும் கையால் கடைந்த குழாய் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அளவுடையது. ஒன்றன் குண்டு மற்றதற்கு உறவாகாது. தாத்தாவின் வளையம் அவருடைய அந்த ஒரே குழாய்க்காகச் செய்யப்பட்டது. அச்சின் சூடும் ஈயத்தில் கலந்த வெள்ளீயமும் விட்டத்தை மாற்றிவிடுமாதலால், இன்று இக்கலையில் ஈடுபடுவோர் சற்றே பெரிதாக வார்த்து, உருக்குத் துளையொன்றின் வழியே அழுத்தித் தள்ளி ஒரே அளவாக்குகிறார்கள். தாத்தாவுக்கு அக்கருவி இல்லை, பொறுமை இருந்தது. பாக்டரியில் தேயிலைத்தூளைச் சல்லடை சல்லடையாக இறக்கித் தரம் பிரிக்கும் என் தகப்பனாரிடமும் அதே பொறுமையைக் கண்டிருக்கிறேன். அவ்விருவரையும் ஒரே மரியாதையோடுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஒரு மாலை, வெட்டிச் சாய்த்த வாழைத்தண்டை மண்மேட்டில் நிறுத்தி, முப்பது அடித் தூரத்திலிருந்து, முதலில் கழித்த குண்டுகளில் மூன்றையும் பின்பு தேறியவற்றில் மூன்றையும் எனக்காகவே சுட்டுக் காட்டினார். கழிந்தவற்றில் ஒன்று தண்டையே தொடவில்லை. தேறிய மூன்றின் துளைகளும் என் சிறிய உள்ளங்கைக்குள் அடங்கின. நான் துளைகளில் விரல்விட்டுப் பார்த்துக் குதித்துக் கொண்டிருக்க, அவர் கத்தியால் மண்ணைக் கிளறி, நசுங்கிய ஈயத்தைப் பொறுக்கி, அடுத்த ஞாயிற்றுக்கென மடியில் முடிந்துகொண்டார்.